நிற்கும் கட்டடத்தை வாங்குதல்: மயிலம் போன்ற ஊர்களுக்கு ஒரு கணக்கு

திண்டிவனம் வட்டத்திலுள்ள மயிலம், முருகன் கோயிலாலும் பொம்மபுர ஆதீனத்தாலும் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரியாலும் தமிழுலகம் அறிந்த ஊர். அரசுக் கணக்கில் அது ஒரு கிராம ஊராட்சி. அதே பெயரில் ஓர் ஊராட்சி ஒன்றியமும் சட்டமன்றத் தொகுதியும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஒன்றியங்களுள் இது ஒன்று. இத்தகைய ஒன்றியத் தலைமையிடங்களுக்குத்தான் சுற்றுக் கிராம மக்கள் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் வீட்டுத் திட்ட மனுவுக்கும் பேருந்து பிடித்து வருகிறார்கள். கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வருபவர்களே அதிகம். அரசு அலுவலகம் எங்கே இருக்கிறது, உட்கார இடம் உண்டா, மழை வந்தால் ஒதுங்க முடியுமா என்பவை அவர்களுக்கு அன்றாடக் கேள்விகள்.

ஒரு புதிய அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ அங்கன்வாடிக்கோ இடம் வேண்டும் என்றால் நம் நிர்வாகம் வழக்கமாக இரண்டு வழிகளைத்தான் யோசிக்கிறது. ஒன்று, வாடகைக் கட்டடம். மற்றொன்று, புறம்போக்கு நிலம் தேடி, மதிப்பீடு போட்டு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரி, அடிக்கல் நாட்டுவது. ஊர் நடுவில் ஏற்கெனவே நிற்கும் ஒரு கட்டடத்தை விலைக்கு வாங்கிப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் மூன்றாவது வழி அரிதாகத்தான் பேசப்படுகிறது. கிளையை மூடிய நிறுவனம், பிள்ளைகள் வெளியூரில் தங்கிவிட்ட பெரிய வீடு, ஓட்டம் குறைந்த வணிக வளாகம் என்று விற்பனைக்கு நிற்கும் கட்டடங்கள் நெடுஞ்சாலையோர ஊர்களில் புதிதல்ல.

இந்த மூன்றாவது வழிக்கு ஒரு தனி வலிமை உண்டு. வரைபடத்தில் இருக்கும் கட்டடத்தைப் பற்றி வாக்குறுதிகள்தான் கிடைக்கும். நிற்கும் கட்டடம் பல மழையையும் கோடையையும் பார்த்துவிட்டது. அதன் நிறைகுறைகளைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிட முடியும். அந்தச் சோதனையைச் செய்தால் பொதுப்பணத்துக்கு இது சிறந்த வழி. செய்யாவிட்டால் மூன்று வழிகளிலும் இதுதான் மிக ஆபத்தானது. இரண்டு நூற்றாண்டு அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

மதராஸின் இரண்டு கிரயங்கள்

அரசு பிறர் கட்டடத்தை வாங்கி அலுவலகம் நடத்துவது தமிழகத்துக்குப் பழைய வழக்கம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் கதை அப்படித்தான் தொடங்குகிறது. 1778இல் ஹால் ப்ளூமர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்கு 43 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. 1793இல் அது 24 பேர் கொண்ட குழுவின் கைக்குப் போனது. ஐரோப்பியர்கள் கூடி விருந்தும் நடனமும் நடத்திய ‘பாந்தியன்’ மண்டபம் அங்கே இருந்தது. 1821இல் அந்தக் குழு மையக் கட்டடத்தையும் தோட்டத்தையும் மூரத் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்றது. 1830இல் அரசு அவரிடமிருந்து அதை வாங்கியது. முதலில் அது கலெக்டர் கச்சேரி, அதாவது அலுவலகம், ஆனது. 1850களில் அருங்காட்சியகம் அங்கே குடிபுகுந்தது. பின்னர் அதே வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம் எழுந்து 1896இல் திறக்கப்பட்டது. நடன மண்டபம் கச்சேரியாகவும் கச்சேரி காட்சிக்கூடமாகவும் மாற முடிந்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்: அகன்ற கூடங்கள், சுற்றிலும் காலி நிலம். வாங்கியவர்கள் அன்றைய தேவைக்கு மேல் இடம் வாங்கினார்கள். பின்வந்த தலைமுறைகள் அதில் வளர்ந்தன.

இரண்டாவது, சேப்பாக்கம் அரண்மனை. 1768இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா எழுப்பியது. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி ஆட்சி நவாப் பட்டத்தையே ஒழித்தது. கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. 1859இல் மதராஸ் அரசே 5 லட்சத்து 89 ஆயிரம் ரூபாய்க்கு அதை எடுத்தது. வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் அங்கே அமர்ந்தன. அரண்மனையின் பகுதிகளான கலஸ் மகாலையும் ஹுமாயூன் மகாலையும் இணைக்கும் கோபுரத்தைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் பின்னர் எழுப்பினார். இந்தக் கிரயத்தில் விற்றவருக்கு விருப்பம் கேட்கப்படவில்லை. பட்டத்தைப் பறித்த கையே ஏலத்திலும் விலை சொன்னது. பொதுப் பயன் என்ற சொல்லுக்குள் அதிகாரத்தின் பலம் எவ்வளவு எளிதாக நுழைந்துவிடும் என்பதை நினைவில் வைக்க இந்தச் சம்பவம் போதும்.

அதே கட்டடம் இன்னொரு பாடத்தையும் பின்னாளில் தந்தது. 2012 ஜனவரியில் கலஸ் மகாலில் இரவில் பெரும் தீப்பிடித்து, அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அரசர் குடியிருக்கக் கட்டிய மாளிகை, மரச்சட்டமும் காகிதக் கோப்பும் நிறைந்த அலுவலகமாக ஒன்றரை நூற்றாண்டு இயங்கியிருந்தது. பிறகு பொதுப்பணித் துறை அதைச் சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே இயங்குகிறது. வேறு பயனுக்காகக் கட்டியதை வாங்கும்போது, அதன் பயனை மாற்றும் செலவும் அதைக் காக்கும் செலவும் கிரயத்தோடு சேர்ந்தே வருகின்றன.

மும்பையின் 1,601 கோடி

நம் காலத்தில் இந்தியாவில் இவ்வகையில் அதிகம் பேசப்பட்ட கிரயம் மும்பை நரிமன் முனையிலுள்ள ஏர் இந்தியா கட்டடம். 23 மாடிகள் கொண்ட அது 1974இல் முடிந்தது. ஏர் இந்தியா தன் தலைமையகத்தை 2013இல் டெல்லிக்கு மாற்றியது. 2022 ஜனவரியில் விமான நிறுவனம் டாடா குழுமத்தின் கைக்குப் போனபோது இந்தக் கட்டடம் அதோடு போகவில்லை. ஒன்றிய அரசின் சொத்துப் பொறுப்பு நிறுவனத்திடம் தங்கிவிட்டது. மகாராஷ்டிர அமைச்சரவை 2023 இறுதியில் வாங்கும் முடிவை எடுத்தது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 1,601 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புதல் தந்தது.

தேவை உண்மையானது. 2012 ஜூனில் மும்பையிலுள்ள மகாராஷ்டிரத் தலைமைச் செயலகமான மந்திராலயத்தில் தீப்பிடித்தபின் பல துறைகள் நகரெங்கும் சிதறின. மந்திராலயத்துக்கு அருகிலேயே ஒரு முழுக் கட்டடம் கிடைப்பது நிர்வாகத்துக்குப் பெரிய வசதி. கட்டடத்தை முழுவதும் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் மாநிலம் வைத்தது. உள்ளே இருந்த வாடகைதாரர்களில் ஒன்றிய அரசின் அலுவலகங்களும் இருந்தன என்பதால் அந்த நிபந்தனை அவசியமாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது விலையின் அடியில் இருக்கும் கணக்கு. அந்த நிலம் மகாராஷ்டிர அரசு குத்தகைக்குக் கொடுத்தது. அதற்காக மாநிலத்துக்கு வரவேண்டிய தொகையும் வட்டியுமாக ஏறக்குறைய 298 கோடி ரூபாயை மாநிலம் தள்ளுபடி செய்தது. அதையும் சேர்த்தால் மக்கள் பணத்திலிருந்து போனது 1,900 கோடிக்கு அருகே. தவறான முடிவு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் கிரயப் பத்திரத்தில் எழுதும் தொகையும் பொதுமக்கள் உண்மையில் கொடுக்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவது வாங்கும் அரசின் கடமை.

சோதிக்காமல் வாங்கிய நகரம்

அமெரிக்காவின் சான் டியேகோ மாநகராட்சி செய்தது இந்தத் துறையில் படிக்க வேண்டிய எச்சரிக்கை. நகர மையத்தில் 101 ஆஷ் தெருவில் ஒரு மின் நிறுவனத்துக்காக 1960களின் இறுதியில் எழுந்த 19 மாடி அலுவலகக் கட்டடம் அது. 2017 ஜனவரியில் மாநகராட்சி அதை 20 ஆண்டு குத்தகை முடிவில் சொந்தமாகும் ஏற்பாட்டில் எடுத்தது. தன் சார்பில் சுயேச்சையான நிபுணரை வைத்துக் கட்டடத்தைச் சோதிக்கவில்லை. மறுதரப்பு கொடுத்த விவரங்களை நம்பியது.

பழைய கட்டடம் என்பதால் உள்ளே கல்நார் இருந்தது. உயிருக்கு ஆபத்தான நார். சீரமைப்பு வேலை நீண்டது, செலவு ஏறியது. 2019 டிசம்பரில் ஊழியர்கள் குடிபுகுந்தார்கள். அடுத்த மாதமே கல்நார் அபாயத்தால் வெளியேற்றப்பட்டார்கள். யாரும் உட்காராத கட்டடத்துக்குக் குத்தகைப் பணம் ஓடியது. வழக்குகள் பெருகின. 2022 ஜூலையில் சமரசம் செய்துகொண்டு 8.6 கோடி டாலர் கொடுத்து மாநகராட்சி அதை முழுவதுமாக வாங்க வேண்டியதாயிற்று. மாநகராட்சிக்கு ஆலோசனை சொன்ன தரகர், எதிர்த்தரப்பிலிருந்து இரண்டு பேரங்களில் 94 லட்சம் டாலர் பெற்றிருந்தது பின்னர் வெளிவந்தது. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரச் சம்மதித்தார்.

பணக்கார நாட்டின் பெரிய மாநகராட்சி, வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் நிறைந்த அமைப்பு. அதற்கே இப்படி நேர்ந்தது. ஏமாந்தது அறிவுக் குறைவால் நேர்ந்ததல்ல. அவசரத்தாலும், தன் பக்கம் நிற்பவர் யார் என்று உறுதி செய்யாததாலும் நேர்ந்தது. இந்த இரண்டும் ஒன்றியத் தலைமையிடத்திலும் நடக்கக்கூடியவை.

அதே நாட்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் மாநகராட்சியின் நடைமுறை வேறு. 2004இல் கட்டிய 20 மாடித் தலைமையகம் ஒன்று, அதைக் கட்டிய வீட்டுச் சாமான் நிறுவனம் பிற்காலத்தில் நொடித்துப்போன சூழலில் விலைக்கு நின்றது. 2008இல் 10.4 கோடி டாலருக்குக் கைமாறிய அந்தக் கட்டடத்தை 2021இல் மாநகராட்சி 6.95 கோடி டாலருக்கு வாங்கியது. சந்தை சரிந்த நேரம் பொதுத்துறைக்குச் சாதகமாக அமைந்தது. ஆனாலும் மாமன்றம் கூடுவதற்கு அதில் தகுந்த அரங்கு இல்லை. அதைத் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. தனியார் அலுவலகம் ஊழியருக்காகக் கட்டப்படுவது. பொது அலுவலகத்துக்கு மக்களும் வருவார்கள். அந்த வேற்றுமை எங்கு போனாலும் செலவாகத் திரும்பி வரும்.

பொதுப் பயன் என்றால் என்ன?

விற்க விரும்பாதவரிடமிருந்து கட்டடத்தை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நில எடுப்புச் சட்டம் அதற்கானது. ஆனால் அதன் வாயில் குறுகியது. அது எவ்வளவு குறுகியது என்பதை ஜெயலலிதாவின் போயஸ் தோட்ட இல்ல வழக்கு காட்டியது. நினைவில்லம் ஆக்குவதற்காக அரசு 2020 ஜூலையில் 67.90 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தி இல்லத்தை எடுத்தது. 2021 நவம்பர் 24 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த எடுப்பை ரத்து செய்தது. மெரினாவில் ஏற்கெனவே பெரும் செலவில் ஒரு நினைவிடம் இருக்கும்போது இன்னொன்றில் என்ன பொதுப் பயன் என்ற கேள்விக்கு அரசால் நீதிமன்றம் ஏற்கும் விடை தர முடியவில்லை. சாவி வாரிசுகளிடம் போனது.

பேசி வாங்கும் கிரயத்துக்கு இவ்வளவு கடுமையான நீதிமன்றச் சோதனை வருவதில்லை. இருவரும் ஒப்புக்கொண்ட விலை என்றால் வழக்குக்குப் போக யாருமில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு மக்கள் மன்றத்தின் மேல் விழுகிறது. இந்தக் கட்டடம் எதற்கு? இப்போது இருக்கும் இடத்தில் ஏன் முடியாது? கிராம சபையிலும் ஒன்றியக் குழுவிலும் இதற்கு எழுத்து வடிவில் விடை இல்லாமல் விலைப் பேச்சே தொடங்கக் கூடாது.

மயிலத்தில் ஒரு கட்டடத்தைச் சோதித்தால்

மயிலம் அல்லது அருகிலுள்ள கூட்டேரிப்பட்டு கடைவீதியில் விற்பனைக்கு ஒரு மாடிக் கட்டடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு என்னென்ன சோதனைகள் வேண்டும்?

முதலில் மண். மூலப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றும் தொடர்பாக இருக்கிறதா, வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது, பட்டாவிலும் ‘அ’ பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது எல்லோரும் அறிந்த நடைமுறை. கோயில் ஊர்களில் இதற்கு மேல் ஒன்று உண்டு. கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை தமிழகமெங்கும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் ஒப்புதல் வேண்டும். விழுப்புரத்திலிருந்து 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு, வீரசோழபுரத்தில் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தில் ஆட்சியரகம் கட்ட 2020 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. உடனே அந்த நிலம் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தை எட்டியது. மாவட்ட நிர்வாகத்துக்கே நேர்ந்த சிக்கல் ஓர் ஒன்றியத்தைப் பல ஆண்டுகள் முடக்கிவிடும். மும்பையிலும் அடிநிலம் யாருடையது என்பதே விலையின் பாதிக் கதை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது எடை. இந்தியத் தரக் குறியீட்டின்படி குடியிருப்பு வீட்டின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குப் பயன்பாட்டுச் சுமையைத் தாங்கினால் போதும். அலுவலக அறைக்கு 250 முதல் 400 கிலோ, கோப்பு அறைக்கு 500 கிலோ. வீடாகக் கட்டிய கட்டடத்தின் மாடியில் இரும்பு அலமாரிகளை நெருக்கி வைத்து, சிவப்பு நாடா கட்டிய பதிவேட்டு மூட்டைகளைக் கூரை வரை அடுக்கினால் தளம் தன் அளவைப் போல் இரண்டரை மடங்கைச் சுமக்கிறது. விரிசல் முதலில் அடிப்பக்கத்தில், நடுப்பகுதியில் தெரியும். தரைத்தளத்தில் ஒரு பதிவறை அமைத்துவிட்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் தீரும். ஆனால் அதை வாங்கும் முன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

கம்பியின் நிலை மூன்றாவது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது தர விதி. உப்புக் கிணற்று நீரில் கட்டிய கட்டடம் வெளியே பளபளப்பாகவும் உள்ளே துருவேறியும் நிற்கும். பொறியாளர் சுத்தியலால் மேல்தளத்தின் அடியைத் தட்டிக்கொண்டே போவார். ‘டொக்’ என்று வெற்றொலி வரும் இடத்தில் காரை கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழும் கழிவறைக்குக் கீழும் கட்டாயம் தட்ட வேண்டும். தேவைப்பட்டால் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கிரயத் தொகையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைகளின் செலவு மிகச் சிறியது. சான் டியேகோ மிச்சம் பிடித்தது இந்தச் செலவைத்தான்.

நான்காவது வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தப் புயலின் மிக அதிக மழைப்பதிவுகளுள் அதுவும் ஒன்று. அந்த மழைக்குப் பின் எழும் எந்தப் புதிய கட்டடமும் அதைத் தாங்குமா என்பது யூகம். அன்று நின்றிருந்த கட்டடத்தைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். வண்ணம் அடித்து மறைத்திருந்தாலும் தடயம் தங்கும்: மரக் கதவுச் சட்டத்தின் அடிப்பகுதி உப்பியிருக்கும், இரும்பு கேட்டின் கீழ்க் கீல் மட்டும் துருப்பிடித்திருக்கும், மின்சாரப் பிளக்குகள் திடீரென்று இடுப்பு உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கும். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் அன்று தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்தது என்று கையால் காட்டுவார். பேரிடர் நேரத்தில் பொதுக் கட்டடமே மக்கள் தங்கும் முகாமாகவும் மாறுகிறது. தண்ணீர் ஏறும் கட்டடத்தை வாங்கினால் அந்த நாளில் அலுவலகமும் முகாமும் ஒன்றாகப் போய்விடும்.

ஐந்தாவது, வருபவர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் அனைத்தும் அவர்கள் எளிதில் வந்துபோகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. சாய்தளத்துக்கு ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். வாசலில் மூன்றடி உயரம் இருந்தால் 36 அடி நீளம் தேவை. கடைவீதியில் சாலையை ஒட்டிக் கட்டிய கட்டடத்துக்கு முன்னால் அவ்வளவு இடம் இருக்காது. அப்படிப்பட்ட கட்டடம் வேறு எல்லாவற்றிலும் தேறினாலும் ஓய்வூதிய மனுவோடு வரும் எழுபது வயது முதியவருக்கு அது பயன்படாது. அவர்தான் அந்த அலுவலகத்தின் முதல் பயனாளி.

பணக் கணக்கு

கட்டடம் வாங்குவது எப்போதும் மலிவு என்று சொல்வது நேர்மையாகாது. ஒரு கோடி ரூபாய்க் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். விலக்கு ஏதும் இல்லையென்றால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 9 லட்சம் சேரும். இதில் சொத்து மாற்றத்தின் மேல் விதிக்கும் 2 விழுக்காடு மிகுவரி உள்ளாட்சிகளுக்கே வரவேண்டியது. பயன் மாற்றத்துக்கும் சாய்தளத்துக்கும் மின்கம்பி மாற்றத்துக்கும் பதினைந்து லட்சம் என்று வைத்தால் மொத்தம் 1.24 கோடி. அந்தப் பணத்துக்கு 7 விழுக்காடு வட்டி என்றாலே ஆண்டுக்கு 8.68 லட்சம். அதே கட்டடம் மாதம் 40,000 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தால் ஆண்டு வாடகை 4.80 லட்சம்தான். வெறும் கூட்டல் கழித்தலில் வாடகை வெல்கிறது.

ஆனால் வாடகைக் கட்டடத்தில் அரசு ஒரு சுவரைக்கூடத் தன் விருப்பப்படி இடிக்க முடியாது. சாய்தளம் கட்ட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், பதிவறை கட்டினால் காலி செய்யும் நாளில் விட்டுவிட்டு வர வேண்டும். அலுவலகம் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் கிராமத்து மக்கள் பழைய முகவரிக்கு வந்து திரும்புகிறார்கள். குறுகிய காலத் தேவைக்கு வாடகையும், முப்பது நாற்பது ஆண்டு ஓரிடத்தில் நிற்க வேண்டிய சேவைக்குக் கிரயமும் பொருந்தும். எந்தத் தேவை எந்த வகை என்று முதலில் பிரிக்க வேண்டும்.

புதுக் கட்டுமானத்தோடு ஒப்பிடும்போது நிற்கும் கட்டடத்தின் மதிப்பைப் பொதுப்பணிப் பொறியாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பும் அக்கம்பக்கத்துக் கிரயங்களும் அளவுகோல். கட்டடத்துக்குப் பரப்பளவு வீதப்படி இன்றைய கட்டுமானச் செலவைக் கணக்கிட்டு, வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும். அறுபது ஆண்டு ஆயுள் கொண்ட கட்டடம் இருபது வயதானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழியும். விற்பவர் சொல்லும் விலை இந்தக் கணக்கைவிட எவ்வளவு மேலே இருக்கிறதோ, அந்த இடைவெளிக்கு எழுத்தில் காரணம் வேண்டும்.

இதில் பெரிய தடை நிதி வரும் விதம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கிராம ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. மீதி 40 விழுக்காட்டையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ பயன்படுத்தக் கூடாது. ஊராட்சிக் கட்டடங்களுக்கான திட்ட நிதிகளோ பெரும்பாலும் புதுக் கட்டுமானத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன: மாதிரி வரைபடம், அலகுத் தொகை, அடிக்கல், திறப்பு விழா. ஊர் நடுவில் நல்ல கட்டடம் காலியாக இருந்தாலும், ஊருக்கு வெளியே புறம்போக்கில் ஒன்றைக் கட்டினால்தான் நிதி கிடைக்கும் என்ற நிலை உருவாகிறது. ஒன்றியத்துக்கு இது வசதி. பேருந்து நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடக்கும் மக்களுக்கு இது தண்டனை.

வாங்கும் முறை

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் பொருள் வாங்குவதற்கும் கட்டுமானப் பணிகளுக்கும் போட்டியைக் கட்டாயமாக்கியது. ஒரே இடத்தில் நிற்கும் ஒரே கட்டடத்துக்குப் போட்டி எப்படி வரும் என்று கேட்கலாம். கட்டடத்தைத் தேர்ந்துவிட்டுத் தேவையை எழுதினால் வராது. தேவையை எழுதிவிட்டுக் கட்டடத்தைத் தேடினால் வரும். எத்தனை சதுர அடி, தரைத்தளத்தில் எவ்வளவு, பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம், சாய்தளத்துக்கு இடம் உண்டா என்பவற்றை நாளிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் வெளியிட்டு, விற்க விரும்பும் அனைவரிடமும் முத்திரையிட்ட விலைச் சொல்லைக் கேட்கலாம். இரண்டு பேர் வந்தாலே விலை இறங்கும்.

சிறிய ஊரில் பெரிய கட்டடங்களின் உரிமையாளர்கள் பெரும்பாலும் செல்வாக்குள்ளவர்களாக இருப்பார்கள். ஒன்றியக் குழு உறுப்பினரின் உறவினர் என்ற நிலையும் இயல்பாக வரும். ஊராட்சியோடு செய்யும் ஒப்பந்தத்தில் ஆதாயம் உள்ளவரைத் தகுதியிழக்கச் செய்ய 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கும் மேலாக, விற்பவரோடு தங்களுக்கு உறவோ கடனோ கூட்டோ இல்லை என்று தலைவர், உறுப்பினர்கள், மதிப்பீட்டாளர், பொறியாளர் அனைவரும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அறிக்கை கிரயக் கோப்பின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். கட்டடத்தைச் சோதிக்கும் பொறியாளரை வாங்கும் தரப்பே நியமிக்க வேண்டும். விற்பவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட அவருக்குப் போகக் கூடாது.

மக்களிடம் சொல்லவும் இடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு கூட்டத்தில் தேவையை முன்வைத்து, அடுத்த கூட்டத்தில் சோதனை அறிக்கையையும் மதிப்பீட்டையும் வாசித்தால் இடையில் ஒன்று முதல் மூன்றரை மாத அவகாசம் கிடைக்கும். 2024 டிசம்பரில் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிட நன்றாகச் சொல்லும் ஆய்வகம் இல்லை.

விழுப்புரம் உள்ளிட்ட, புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதவிக்காலம் ஐந்தாண்டு. கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும், அதன் கூரையை ஒழுகாமல் வைத்திருக்கும் செலவு பத்து மன்றங்களுக்குத் தொடரும். ஆகவே கிரயத் தீர்மானத்தோடு ஆண்டுப் பராமரிப்புக்கு எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு ஒதுக்கப்படும் என்ற தீர்மானமும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். அது இல்லாத கிரயத்தை மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மாநில அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊராட்சிக் கட்டட நிதித் திட்டங்களில், ‘புதிதாகக் கட்ட’ என்பதோடு ‘தகுதியுள்ள கட்டடத்தை வாங்கிச் சீரமைக்க’ என்ற வாய்ப்பையும் அதே அலகுத் தொகைக்குள் சேர்க்கலாம். பொறியாளர் அறிக்கை, தலைப்புரிமை ஆய்வு, கிராம சபைத் தீர்மானம் மூன்றும் இருந்தால் மட்டுமே பணம் என்று நிபந்தனை வைக்கலாம். பிறகு இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு எது மலிவு, எது மக்களுக்கு அருகில் என்று ஊரே முடிவு செய்யும். நிதியின் வடிவம் அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. பாந்தியன் மண்டபத்தை வாங்கியவர்கள் வருங்காலத்துக்கு இடம் விட்டார்கள், சான் டியேகோ நிகழ்காலத்தையே பார்க்காமல் கையெழுத்திட்டது. மயிலம் போன்ற ஊர்களிடம் இழப்பதற்கு அவ்வளவு பணம் இல்லை. அதனால்தான் அவை பெருநகரங்களைவிடக் கூடுதல் கவனத்தோடு வாங்க வேண்டும், அப்படி வாங்கும் உரிமையும் அவற்றுக்கு வேண்டும்.